படலையில் தொங்கின பலகை

ஐந்து மாதமாய் எங்கட படலையில் ஒரு பலகை தொங்கினது. ‘வீடு காணி விற்பனைக்கு’. கீழே புறோக்கரின்ர போன் நம்பர். கம்பஸ் முடிஞ்சு வரேக்க அக்காவும் தங்கச்சியுமாய் நாங்கள் அதைப் பார்க்காமல் உள்ளே போகப் பழகியிருந்தோம்.

திருநெல்வேலியில் இரண்டு பரப்புக் காணி, பழைய நாற்சார வீடு. அம்மாவின்ர சீதனம். தம்பியை லண்டனுக்குப் படிக்க அனுப்பக் காசு தேவைப்பட்டதால்தான் விற்கிற கதையே வந்தது. விசா மறுக்கப்பட்டதோட அது முடிஞ்சுது என்று நினைத்தோம்.

புறோக்கருக்கு முடியேல்லை. அம்மா கையெழுத்து வைச்ச கடதாசி அவரிடம் இருந்தது. ஆறு மாதத்துக்கு அவர் மூலம் மட்டும்தான் விற்கலாம், விற்ற விலையில் மூன்று வீதம் கொமிசன். “நான் ஆள் கொண்டுவந்திட்டன். இனி விக்காட்டியும் கொமிசன் தரவேணும் அண்ணை” என்றார். கையெழுத்து வைச்ச அம்மா முன்னால நிக்க, அவர் கதைச்சது முழுக்க அப்பாவோட.

தெரிந்த நொத்தாரிசு ஒருவரிடம் கடதாசியைக் கொண்டுபோனோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்கிறதும், விற்பேன் என்று உடன்படிக்கை செய்யிறதும் நொத்தாரிசு முன்னால இரண்டு சாட்சியோட எழுதினால்தான் செல்லும் என்றார் அவர். இது அந்த வகையில்லை, வீட்டில் இதுக்கு ஒரு பிடியும் கிடையாது. ஆனால் வெறும் கடதாசியும் இல்லை, ஒரு வேலைக்கான ஒப்பந்தம். “என்ன எழுதியிருக்கெண்டு வடிவா வாசியுங்கோ பிள்ளையள்.” வாசித்தோம். ‘விற்ற விலையில்’ என்றுதான் இருந்தது. விற்காவிட்டால் என்ன என்று ஒரு வரியும் இல்லை. கவிதைக்குப் பத்துப் பக்கம் விளக்கம் எழுதுகிற நாங்கள், வீட்டுக் கடதாசி ஒரு பக்கத்தை ஐந்து மாதமாய் வாசிக்கேல்லை.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. தேசவழமைக்குள் வருகிற கல்யாணம் முடிச்ச பெண், தன்ர சீதனக் காணியை விற்கிறதெண்டால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். 1911இல் வந்த கட்டளைச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. புறோக்கர் ஏன் அப்பாவையே பார்த்துக் கதைச்சார் என்று அப்பத்தான் விளங்கினது. விளங்கினாலும் கோபம் குறையேல்லை.

அம்மாவின்ர பெயரில் கடிதம் எழுதினோம். ஒப்பந்தத்தை நிறுத்துகிறோம், உறுதியின் போட்டோக்கொப்பியையும் திறப்பையும் திருப்பித் தரவும், முகநூல் விளம்பரத்தை எடுக்கவும். பதிவுத் தபாலில் போட்டு, துண்டைப் பத்திரப்படுத்தினோம்.

நாலாம் நாள் அவர் வந்தார். சண்டைக்குத் தயாராய் இருந்தோம். அவர் ஒரு கொப்பியை விரித்தார். ஆள் கூட்டிவந்த பதினொரு நாளும் திகதியோட இருந்தது. ஒருநாள் முற்றம் கூட்டினதும் அவர்தான், எங்களுக்கு ஞாபகம் இருக்கு. எங்களுக்கு ஒரு மாதிரிப் போட்டுது. கொமிசன் இல்லை, ஆனால் பெற்றோலுக்கும் அலைஞ்சதுக்கும் என்று அம்மா பதினையாயிரம் எண்ணிக் குடுத்தா. எழுதியும் வாங்கினா.

“அண்ணையும் ஒரு கையெழுத்து வைக்கட்டும்” என்றார் போகேக்க.

“நான் ஏன்? விக்கிறதுக்குத்தான் நான் வேணும்” என்றார் அப்பா, பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல்.

பலகையை நாங்களே கழற்றினோம். படலைக் கம்பியில் துரு இறங்கின அடையாளம் இன்னும் இருக்கு. முகநூல் விளம்பரத்தை யாரோ பகிர்ந்திருக்க வேணும். போன ஞாயிறும் சுவிஸில் இருந்து ஒருவர் எடுத்து, விலை குறைப்பீங்களோ என்று கேட்டார்.