கோபமே வராத டீச்சர்

முடிச்சூரில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'கோபமே வராத டீச்சர்'. முப்பது வருஷம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லாடியவளுக்கு இது சாமானியமான பெயரா, நீங்களே சொல்லுங்கள்! அதனால்தான் 2014-இல் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் 'இச்சையடக்கம்' என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். கலாத்தியருக்கு எழுதின நிருபத்தில் பவுல் அடுக்கிச் சொல்லும் ஒன்பது நற்குணங்களில் கடைசிக் குணம் அது. தமிழில் 'இச்சை' என்று இருந்தாலும், மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்குத் தன்னைத் தானே ஆளுவது என்று பொருள். கோபம், பொறாமை, அழுகை எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

பேச்சுக்கு உதாரணம் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் புறம், கிழக்குத் தாம்பரத்திலேயே கிடைத்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது 1937-இல். மறுவருஷம் டிசம்பரில் அங்கே ஓர் உலக மிஷனரி மகாநாடு நடந்தது. ஏறக்குறைய 70 தேசங்களிலிருந்து 470 பேர் வந்தார்கள். சீனக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண்மணி. வூ யீபாங் என்று பெயர். நான்கிங் நகரில் ஜின்லிங் பெண்கள் கல்லூரியின் தலைவி. அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்பு ஜப்பானியப் படை அந்த நகருக்குள் புகுந்து செய்த கொடுமைகளை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவருடைய கல்லூரி வளாகத்தில் மட்டும் பத்தாயிரம் பெண்களும் குழந்தைகளும் அடைக்கலம் புகுந்தார்களாம். யுத்தமோ இன்னும் ஓயவில்லை. அந்த நிலையில் அவர் தாம்பரத்துக்கு வந்தார். ஜப்பானியப் பிரதிநிதிகளும் வந்திருந்தார்கள். ஏழைகளின் சேரியில் வாழ்ந்து தொண்டு செய்த ககாவா அவர்களில் ஒருவர். இரண்டு வாரத்துக்கு மேல் நடந்த மகாநாடு. கிறிஸ்துமஸ் பண்டிகையும் அதன் நடுவில்தான் வந்தது.

இதைச் சொல்லி, "அடக்கம் என்றால் இதுவல்லவா!" என்று முடித்தேன். ஒரே கைதட்டல். பெருமையோடு வீடு திரும்பினேன், வழக்கம்போலப் பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு!

விஷயம் இதுதான். 2011-இல் பக்கத்து வீட்டார் தங்கள் மனையில் நாலடிக்கு மண் கொட்டி உயர்த்தி, அதன் மேல் மாடி வீடு கட்டினார்கள். அன்று முதல் மழை பெய்தால் அவர்கள் தண்ணீரும் எங்கள் முற்றத்தில்தான் வந்து தேங்கும். நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டேன். அந்த அம்மாள் கொலு வைத்து அழைத்தால் தலைவலி என்பேன். கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு தெருவில் எல்லா வீட்டுக்கும் போகும், அந்த வீட்டுக்கு மட்டும் போகாது. இதற்கு நான் வைத்திருந்த பெயர் பொறுமை.

2015 டிசம்பர் முதல் தேதியை எங்கள் பக்கத்தார் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரித் தண்ணீர் எல்லாம் அடையாற்றில் சேர்ந்து முடிச்சூருக்குள் புகுந்துவிட்டது. எங்கள் வீட்டில் கட்டில் மட்டத்துக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கோ முழங்கால் வலி, படி ஏறவே முடியாதவர். இருட்டில் கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மாளும் அவர் மகனும்! "டீச்சரம்மா, எதுவும் எடுக்காதீங்க, வாங்க மாடிக்கு" என்றார் அவர். பையன் என் வீட்டுக்காரரை முதுகில் சுமந்துகொண்டு போனான்.

இரண்டு ராத்திரி அந்த மாடியில் இருந்தோம். இரண்டாம் நாள், மெழுகுவத்தி வெளிச்சத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு என்னவோ அடக்க முடியாமல் வந்துவிட்டது. அழுதுகொண்டே நாலு வருஷக் கோபத்தையும் கொட்டித் தீர்த்தேன். குரல் நடுங்கிற்று. சோறு போட்டவளையே திட்டுகிறோமே என்று வெட்கம் வேறு. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏன் டீச்சரம்மா, அப்பவே வந்து சண்டை போட்டிருக்கலாமே? அன்னைக்கே ஒரு வடிகால் வெட்டியிருப்போமே! எங்க மேல என்ன வருத்தம்னே தெரியாம, நான் எத்தனை நாள் உங்க வாசலைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கேன்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எபேசியர் நிருபத்தில், கோபம் வந்தால் பொழுது சாய்வதற்குள் அதைத் தீர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. பிள்ளைகளுக்கு நானே மனப்பாடம் செய்வித்த பகுதி! நானோ ஆயிரத்துச் சொச்சம் அஸ்தமனங்களைக் கடத்திவிட்டேன். ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தவர் நம் ஆண்டவர்; லாசருவின் கல்லறையருகே எல்லார் முன்னிலையிலும் கண்ணீர் விட்டவரும் அவர்தான். மனசில் இருந்ததை மறைத்து வைத்து, முகத்தை மட்டும் சாந்தமாக வைத்துக்கொண்டாரா அவர்? வூ யீபாங் மனசில் என்ன இருந்ததோ, நான் அறியேன். ஆனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஜப்பானியர் வந்திருந்த அந்த இடத்துக்குக் கடல் தாண்டி வந்தார். அவரை உதாரணம் காட்டிக் கைதட்டல் வாங்கிய எனக்கு, ஒரு மதில் சுவரைத் தாண்ட வெள்ளம் வர வேண்டியிருந்தது.

பொங்கல் கழிந்ததும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வடிகால் வெட்டிக் குழாய் பதித்தோம். செலவு பாதிப் பாதி. அதற்கப்புறம் அந்த அம்மாளும் நானும் இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறோம். ஒன்று எங்கள் முருங்கை மரத்துக் கிளைக்காக. இன்னொன்று எதற்கு என்று இப்போது இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. இரண்டும் அவர் சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் தீர்ந்துவிட்டன. என் பட்டப்பெயர்தான் போய்விட்டது.