கீழே வழுக்கல், மேலே பிடி

குயில்ட் போர்வை தைக்கிறவர்களின் மேசையில் இரண்டு சாமான்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு குடைச்சல். ஒன்று, தையல் மெஷின் தட்டில் விரிக்கிற வழவழப்பான டெஃப்லான் தாள். ஊசி இறங்க மட்டும் அதில் ஓர் ஓட்டை. மற்றது, விரல் நுனிகளில் ரப்பர் பூசிய கையுறை. கீழே வழுக்க வேண்டும், மேலே பிடிக்க வேண்டும். ஒரே துணிக்கு இரண்டு நீதி!

சாதாரணத் தையலில் இந்த வம்பு இல்லை. மெஷினின் பல் துணியைக் கடித்து நகர்த்திவிடும். அமெரிக்காவில் போர்வை முழுக்கப் பூவும் கொடியுமாகத் தைக்கிறவர்கள் அந்தப் பல்லை இறக்கிவிட்டு, மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்றடுக்கையும் கையாலேயே ஓட்டுகிறார்கள். ஊசி இருந்த இடத்திலேயே குத்தும். துணிதான் சுற்றி வர வேண்டும். அத்தனை கனமும் தட்டில் உராய்ந்து, கொஞ்சம் சண்டித்தனம் செய்து, சட்டென்று விட்டுக்கொடுத்தால் தையல் ஓரிடத்தில் நீண்டு கோணிப்போகும். நிற்கிற பொருளைக் கிளப்பத்தான் அதிக விசை வேண்டும். கிளம்பிவிட்டால் குறைவே போதும். (அரசாங்கக் கோப்புக்கும் இதே விதிதான்.)

கையால் தைத்தால்தான் குயில்ட் என்று முகம் சுளித்தவர்கள் அங்கே நிறைய. 1989-இல் கெண்டக்கி மாநிலத்துப் பதூக்கா குயில்ட் கண்காட்சியில், கேரல் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் தைத்த போர்வை தலைப் பரிசை வாங்கியது. சுளிப்பு அதன்பிறகு கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும்.

டெஃப்லான் பிறந்த கதை எனக்கு அலுப்பதேயில்லை. 1938 ஏப்ரல். நியூ ஜெர்சியில் டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலர், குளிர்பதனப் பெட்டிக்கு ஏற்ற வாயுவைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு சிலிண்டரின் வால்வைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. காலி என்று ஓரங்கட்டியிருக்கலாம். எடை போட்டுப் பார்த்தால் கனம் அப்படியே இருக்கிறது! ரம்பத்தால் அறுத்தார்கள். உள்ளே மெழுகுத்தன்மையுள்ள வெள்ளைப் பொடி. எதிலும் ஒட்டாது என்று பின்னால் பேர் வாங்கப்போகிற பொருள், வெளியே வரமாட்டேன் என்று சிலிண்டருக்குள் அடம்பிடித்துக்கொண்டுதான் அறிமுகமானது. முதல் உத்தியோகமும் அடுப்படியில் அல்ல, அணுகுண்டுத் திட்டத்தில். அங்கே புழங்கிய யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு பெரும்பாலான பொருள்களை அரிக்கும், இதை அரிக்கவில்லை. வாணலிக்கு அது வந்தது 1950-களில். பிரான்சில் மார்க் கிரெகுவார் அலுமினியத்தை அமிலத்தால் சொரசொரப்பாக்கி அதன்மேல் இதைப் பிடிக்கவைத்தார். வழுக்கலுக்கும் ஊன்றிக்கொள்ள ஒரு சொரசொரப்பு தேவைப்பட்டிருக்கிறது.

போர்வையே உராய்வில் நிற்கிற வஸ்துதானே? இரண்டு மூன்று சென்டிமீட்டர் பஞ்சு இழைகளை முறுக்கினால் அவை ஒன்றையொன்று உராய்ந்து பிடித்துக்கொள்கின்றன. அதற்குத்தான் நூல் என்று பெயர். பசை கிடையாது, முடிச்சு கிடையாது. உராய்வை அடியோடு ஒழித்துவிட்டால் தைக்கத் துணியே மிஞ்சாது.

டெஃப்லான் தாளுக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் மெஷின் தட்டில் கார் மெழுகைத் தேய்த்துப் பளபளவென்று துடைத்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த சிக்கனம். கேரம் போர்டில் போரிக் பவுடரைத் தூவி வளர்ந்த நம்மவர்களுக்கு வேறு யோசனை வரும் என்று தெரியும். வேண்டாம். கேரம் காய் ஓடுகிற பலகைக்கு அடியில், தையல் மெஷினில் இருப்பதுபோல எண்ணெய் போட்ட ஷட்டில் கிடையாது. ஊசி ஓட்டை வழியாகப் பவுடர் உள்ளே இறங்கி, எண்ணெயில் குழைந்து, பஞ்சுத் தூசியையும் சேர்த்துக்கொண்டால், மெக்கானிக் மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.