பூவும் பொன்னாடையும்

தமிழகத்தில் பூ பெரும்பாலும் அளந்து விற்கப்படும் பொருள். தொடுத்த மல்லிகையைப் பூக்காரி தன் கையில் முழம் போட்டு அளந்து, நறுக்கிக் கொடுப்பாள். உதிரிப்பூவாயின் தராசில் ஏறும். தாமரை, ரோஜா போன்ற சிலவற்றை விட்டால், பூவை எண்ணி வாங்கும் வழக்கம் இங்கே குறைவு. முஸ்லிம் இல்லங்களிலும் பூவுக்கு நல்ல இடமுண்டு. மணமகனின் முகத்தை மறைத்துத் தொங்கும் சரமாகவும், மணப்பெண்ணின் கூந்தலில் அணியாகவும், ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவரின் கழுத்தில் மாலையாகவும் அது வருகிறது. ஆனால் மேடையேறிப் பாடியவரின் கையில் நன்றியோடு நான்கு பூக்களைக் கொடுத்துவிட்டு இறங்கும் வழக்கம் நம் சமுதாயத்தில் இல்லை. அவருக்கு நம்மவர் அளிப்பது பொன்னாடை. இவ்விரு வழக்கங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறிதன்று என்பதை, அயல்நாட்டு நகரொன்றில் பூ வாங்கச் சென்றபோது அறிந்தோம்.

நாம் வாழ்வது நெய்வேலியில். 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பெற்று, 1957இல் இங்கே சுரங்கப்பணி தொடங்கிற்று. முதலாம் அனல்மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்தது. 1962இல் அதன் முதல் எந்திரம் மின்சாரம் தந்தது. நாளடைவில் 600 மெகாவாட் அளவுக்கு வளர்ந்த அந்நிலையம், தன் ஆயுள் முடிந்து 2020இல் ஓய்ந்தது. நம் அத்தா அங்கே தொழிலாளியாய் இருந்தவர். ருஷ்யப் பொறியாளர்கள் குடும்பத்தோடு நகரியத்தில் தங்கியிருந்த நாள்களின் கதைகளை அவர் அடிக்கடி சொல்வார். அவற்றுள் ஒன்று நம் நெஞ்சைவிட்டு அகலாதது.

அருகிலிருந்த சிற்றூர் ஒன்றில் தெருக்கூத்து நடந்ததாம். பொறியாளர் ஒருவரின் மனைவி தம் குழந்தையோடு வந்து விடியும்வரை அமர்ந்து பார்த்திருக்கிறார். கூத்து முடிந்ததும் அருகிலிருந்த வீட்டு வேலியில் பூத்திருந்த செம்பருத்தியை, வீட்டாரைக் கேட்டுப் பறித்தாராம். பறித்தவை ஆறு. அவற்றுள் ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, மற்ற ஐந்தையும், திரௌபதி வேடம் கட்டி இரவெல்லாம் ஆடியவரிடம் நீட்டினாராம். முகத்துச் சாயம் வியர்வையில் வழிந்துகொண்டிருந்த அம்மனிதர், என்ன செய்வதென்று அறியாமல் இருகையும் ஏந்தி வாங்கிக்கொண்டாராம். கூட்டம் சிரித்தது. "அந்த அம்மா ஏன் ஒன்றைக் குறைத்துக் கொடுத்தாள்?" என்பது அத்தாவுக்கு விளங்காத புதிராகவே இருந்தது. அவர் மறைந்தபின் அப்புதிர் நம்மிடம் வந்து சேர்ந்தது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ருஷ்ய நாட்டின் கஸான் நகருக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நம் மகன் அங்கே மருத்துவம் பயின்றுகொண்டிருந்தான். அவனைக் காண நாமும் நம் துணைவியாரும் சென்றிருந்தோம். அரபு கற்றோர்க்குக் கஸான் முற்றிலும் அயலூர் அன்று. வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த பல்கார் மக்களின் அரசரிடம் பக்தாதிலிருந்து தூதுக்குழு ஒன்று 922இல் வந்து சேர்ந்ததையும், அக்குழுவில் வந்த இப்னு ஃபள்லான் எழுதிவைத்த பயணக் குறிப்பையும் நம்மவர் பலர் படித்திருப்பர். 1803இல் கஸானில் திருக்குர்ஆன் அச்சேறியதும் அறிஞர் அறிந்த செய்தியே. அங்கு வாழும் தத்தார் மக்கள், 1920களின் இறுதிவரை தம் மொழியை அரபு எழுத்திலேயே எழுதிவந்தனர். அரபுத்தமிழில் கிதாபுகளை ஓதி வளர்ந்த நமக்கு, அங்குள்ள பழைய நூல்களின் எழுத்தைக் கண்டபோது உறவினரின் கையெழுத்தைக் கண்டது போன்ற உணர்வே எழுந்தது.

அவர்தம் பாடல் வகைகளின் பெயர்களைக் கேட்டபோது வியப்பு இன்னும் மிகுந்தது. ஒன்று முனாஜாத்து. மற்றொன்று பைத்து. ஒலிப்பில் சிறு வேறுபாடு உண்டெனினும் சொற்கள் அவையே. இறைவனிடம் இறைஞ்சும் முனாஜாத்தைத் தனியொரு சிற்றிலக்கியமாகவே வளர்த்தவர்கள் தமிழ் முஸ்லிம் புலவர்கள். ரபீஉல் அவ்வலில் பைத்து ஒலிக்காத தெரு நம் ஊர்களில் உண்டா? எனவே, முனாஜாத்தும் பழம்பாடல்களும் பாடும் மூதாட்டி ஒருவரின் நிகழ்ச்சிக்கு மகன் அனுமதிச் சீட்டு வாங்கிவந்தபோது மகிழ்ந்து உடன்பட்டோம். இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை இங்கே விரிக்கப் புகவில்லை.

புறப்படும் வேளையில் மகன், "அத்தா, வழியில் பூ வாங்கிக்கொள்வோம்" என்றான்.

"யாருக்கு?" என்றோம்.

"பாடுகிறவருக்குத்தான். இங்கே எல்லாரும் அப்படித்தான் கொண்டு போவார்கள்."

அந்நாட்டு நகரங்களில் இரவும் பகலும் மூடாத பூக்கடைகள் உண்டு. அத்தகைய கடையொன்றில் நுழைந்தோம். ஏப்ரலிலும் குளிர் விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு உட்புறம் வாளி வாளியாக நீரில் நின்ற பூக்கள் கண்ணைப் பறித்தன. முழமும் இல்லை, தராசும் இல்லை. தண்டோடு கூடிய ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனி விலை. கடைக்காரப் பெண் முதலில் கேட்ட கேள்வியை மகன் தமிழில் சொன்னான்: "மகிழ்ச்சிக்கா, துக்கத்துக்கா என்று கேட்கிறார்."

மகிழ்ச்சிக்கு என்றால் ஒற்றைப்படையிலும், துக்கத்துக்கு என்றால் இரட்டைப்படையிலும் பூக்கொடுப்பது அந்நாட்டு வழக்கமாம். இரண்டும் நான்கும் ஆறும் இறந்தோர்க்கு உரியவை. உயிருள்ளோர் கையில் இரட்டைப்படைப் பூக்களைக் கொடுத்தல் ஆகாது. இதைக் கேட்டதும் செம்பருத்தியின் கதை நினைவில் எழுந்தது. அந்த அம்மையார் ஒரு பூவைக் குறைக்கவில்லை. இரவெல்லாம் ஆடிய கலைஞர் நெடுநாள் வாழவேண்டும் என்ற வாழ்த்தையே அந்த ஐந்து பூக்களோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். கேட்டு மகிழ அத்தா இல்லையே என்று நம் துணைவியார் கண்கலங்கினார்.

இறைவன் ஒருவன், ஒற்றையை அவன் விரும்புகிறான் என்ற கருத்தமைந்த நபிமொழியை அறியாதவர் நம்மில் இலர். வித்ருத் தொழுகை ஒற்றைப்படை. கஃபாவைச் சுற்றுவது ஏழு முறை. ஈதுல் ஃபித்ர் தொழுகைக்குப் புறப்படுமுன் பெருமானார் (ஸல்) உண்ட பேரீத்தம் பழங்களும் ஒற்றைப்படையே. ருஷ்யரின் வழக்கத்துக்கும் இதற்கும் உறவு தேட வேண்டியதில்லை. எனினும், அந்தக் கடையில் பூக்கள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டபோது, பழகிய ஓசையொன்று காதில் விழுந்தாற்போல் இருந்தது.

துணைவியார் பதினொரு தூலிப் பூக்களைத் தேர்ந்தெடுத்தார். பாரசீகத்திலும் துருக்கியிலும் இப்பூவுக்கு லாலா என்று பெயர். அரபு எழுத்துகளில் எழுதி அப்ஜது முறையில் கூட்டினால் 66 வரும். அல்லாஹ் என்னும் திருநாமத்துக்கும், பிறை எனப் பொருள்படும் ஹிலால் என்னும் சொல்லுக்கும் அதே எண்தான். துருக்கிய நாட்டுக் கலைஞர்கள் பள்ளிவாசல் ஓடுகளில் இப்பூவை விரும்பித் தீட்டியதற்கு இதனையும் ஒரு காரணமாகச் சொல்வர். நறுமணச் செடியைப் பரிசாகப் பெறுபவர் அதை மறுக்க வேண்டாம், அது சுமப்பதற்கு இலேசானது, மணம் நல்லது என்னும் கருத்தில் பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியிருப்பது முஸ்லிம் ஹதீஸ் நூலில் உள்ளது. 'சுமப்பதற்கு இலேசானது' என்ற காரணத்தின் நயத்தை அன்றிரவு இன்னும் நன்றாக உணர்ந்தோம்.

நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் நடந்தது. மூதாட்டி பாடிய மொழி நமக்குத் தெரியாது. ஆயினும் இடையிடையே வந்த அரபுச் சொற்கள் கைவிளக்குப்போல் வழிகாட்டின. இறுதிப் பாடல் முடிந்ததும் மக்கள் எழுந்து வரிசையாக மேடையருகே சென்றனர். ஒருவர் மூன்று பூ, மற்றொருவர் ஐந்து, ஒரு சிறுமி ஒரே ஒரு பூ. கொடுத்தவர் பெயரை எவரும் ஒலிபெருக்கியில் கூவவில்லை. கொடுத்தவர் படத்துக்காக நிற்கவுமில்லை. துணைவியார் பூக்கொத்தை நீட்டியபோது மூதாட்டி அவர் கையைப் பற்றிக்கொண்டு, "ரஹ்மத்" என்றார். தத்தார் மொழியில் நன்றி என்பதற்கு அதுவே சொல். அரபியில் அருள், இரக்கம் என்னும் பொருளுடைய சொல், அங்கே நன்றியாகக் கனிந்திருக்கிறது.

திரும்பும் வழியில் மகன் சொன்ன செய்தி ஒன்றுண்டு. அப்பெரியவர் அரசு இசையரங்கம் ஒன்றில் மாதச் சம்பளம் பெறுபவர். வந்திருந்தோர் அனைவரும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள். உழைப்புக்குரிய கூலி முன்னரே கணக்குத் தீர்ந்துவிட்டது. பூ அதற்கு மேற்பட்டது. கூலிக்கு ஈடாக எவரும் பூவைக் கொண்டுவரவில்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2022இல் ஓர் ஊரில் மீலாது விழா. எழுபதைக் கடந்த பாடகர் ஒருவரை அழைத்திருந்தனர். தப்ஸ் அடித்துப் பைத்துப் பாடுவதே அவர் வாழ்க்கை. அன்று அவர் பாடியவை மூன்றே பாடல்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்தும் சடங்கோ அரை மணிக்கு மேல் நீண்டது. ஒவ்வொரு பொன்னாடைக்கும் போர்த்துபவரின் பெயர், பட்டம், தொழில் எல்லாம் முழங்கின. பாடகரின் பெயரை ஒருமுறை தவறாகவும் வாசித்தனர். கணக்கிட்டால் பதினொரு பொன்னாடைகள்! அதுவும் ஒற்றைப்படைதான்.

இரவு பேருந்து நிறுத்தத்தில் அவரைக் கண்டோம். பக்கத்தில் ஒரு துணிப்பை புடைத்துக்கொண்டிருந்தது. ஸலாம் சொல்லிவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "ஹஜ்ரத், இதெல்லாம் எந்தக் கடையில திரும்ப எடுத்துக்குவாங்க?"

"போக்குவரத்துச் செலவு கொடுத்தார்களா?" என்று வினவினோம்.

"வேலை மும்முரத்துல மறந்திருப்பாங்க" என்றார். குறை சொல்லும் தொனிகூட அதில் இல்லை. நம்மால் இயன்றதைக் கையில் வைத்து அனுப்பினோம். அந்தக் கேள்வி மட்டும் நம்மோடு வீட்டுக்கு வந்தது.

பொன்னாடை இழிந்த வழக்கமன்று. அதன் வேர் மிக உயர்ந்த இடத்தில் இருக்கிறது. கஅப் இப்னு ஸுஹைர் அஞ்சியவராய் வந்து, 'பானத் சுஆத்' எனத் தொடங்கும் கவிதையைப் பாடியபோது, பெருமானார் (ஸல்) தம் மேனியில் அணிந்திருந்த போர்வையையே எடுத்து அவருக்குப் போர்த்தினார்கள் என வரலாற்றாசிரியர் கூறுவர். பின்னாளில் முஆவியா (ரலி) பெருந்தொகை கொடுத்து அதைக் கவிஞரின் குடும்பத்தாரிடமிருந்து பெற்றார் என்றும் சொல்வர். அப்போர்வை கொடுத்தவரின் உடற்சூட்டைத் தாங்கியிருந்தது. கடையிலிருந்து உறை பிரியாமல் வந்து, உறை பிரியாமலே கடைக்குத் திரும்பும் துணியன்று அது. புலவர் ஹஸ்ஸான் (ரலி) நின்று பாடப் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துக் கொடுத்த வரலாறும் நமக்குண்டு.

தமிழ் மண்ணிலும் சான்று உண்டு. உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டிய வள்ளல் சீதக்காதி மறைந்தபின், நெய்வேலிக்கு அணித்தேயுள்ள பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்து அக்காப்பியம் நிறைவேறச் செய்தார். நன்றியுள்ள புலவர் அவரை நூலினுள்ளேயே வாழ்த்திப் பாடினார். புலவர் உண்ணவும் உறையவும் எழுதவும் கவலையற்றிருக்கச் செய்ததுதான் மரைக்காயர் போர்த்திய ஆடை. தம் புகழை அவரே முழக்கவில்லை. புலவர் முழக்கினார். அது இன்றும் கேட்கிறது.

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிகளாரின் கட்டளை. மண் சுமப்பவரின் வியர்வைக்கும் பாடுபவரின் வியர்வைக்கும் அதில் வேறுபாடு கூறப்படவில்லை. நம் விழாக்களிலோ ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் பிரியாணிக்கும் கணக்குத் தீர்ந்த பிறகு எஞ்சுவது எதுவோ அதுவே பாடகருக்கு. எஞ்சாதபோது இருக்கவே இருக்கிறது பொன்னாடை.

2023 முதல், நாம் பாடம் சொல்லும் மதரஸாவின் ஆண்டு விழாவில் இரண்டு விதிகளைக் கடைப்பிடித்து வருகிறோம். அழைக்கப்பெறும் பாடகருக்கு என்ன தருவது என்பதை அழைக்கும்போதே பேசிவிடுகிறோம். அவர் வந்து தேநீர் அருந்தும் வேளையில், போக்குவரத்துச் செலவோடு சேர்த்து அத்தொகையை உறையிலிட்டுத் தனியாகக் கொடுத்துவிடுகிறோம். இது முதல் விதி. பாடி முடித்ததும் பிள்ளைகள் தத்தம் வீட்டுத் தோட்டத்துப் பூவைக் கையில் கொடுப்பார்கள். எவர் பெயரும் வாசிக்கப்படாது. இது இரண்டாம் விதி. நகரிய வீடுகளில் செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் பஞ்சமில்லை.

இதனால் இழப்பும் இருந்தது. மேடையில் தம் பெயர் கேட்காத மனத்தாங்கலில் நன்கொடையாளர் இருவர் ஒதுங்கிக்கொண்டனர். முதலாண்டில் பந்தலைச் சிறிதாக்கவும், உணவைக் கஞ்சியும் வடையுமாகச் சுருக்கவும் நேர்ந்தது. நிர்வாகத்தினருள் சிலர் இன்னும் முணுமுணுக்கின்றனர். அவர்களைக் குறைகூற மாட்டோம். கொடுப்பவருக்கும் ஒரு நல்ல சொல் வேண்டியிருக்கிறது. அதைத் தொழுகைக்குப் பின் துஆவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் கூறிவருகிறோம்.

வாசக அன்பர்களை ஒன்று வேண்டுகிறோம். அடுத்த ரபீஉல் அவ்வல் வருமுன், உங்கள் ஊர் விழாவுக்கு நன்கொடை கேட்டு வருவோரிடம், பாடவருபவருக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். விடை கிடைத்தபின் நன்கொடையைக் கொடுங்கள். விழா நாளில் உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில் ஐந்தோ ஏழோ பூக்களைக் கொடுத்தனுப்புங்கள். பாடிய நாவுகளை வாழும்போதே மதிக்கும் மனத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.