திருட்டுத் தாளம்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு காபிக் கடை மாடி. எதிரே பத்துப் பதினைந்து வெளிநாட்டுக்காரர்கள், ஓரத்தில் நம்மூர்ப் பையன்கள் நாலு பேர். இது அருணகிரிநாதர் மண்ணின் தாளம், திருப்புகழ்ச் சந்தத்திலிருந்து எடுத்தோம் என்று அரைகுறை இங்கிலீஷில் மைக்கில் சொன்னேன். நன்றாகவே கைதட்டினார்கள். சொன்னது பச்சைப் பொய். திருப்புகழில் ஒரு பாட்டுகூட எங்களில் யாருக்கும் முழுசாகத் தெரியாது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் எங்கள் குழுவுக்கென்று ஒரு சத்தமே கிடையாது. ஓடாத அரிசி ஆலையின் கோடவுனில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஞாயிறுதோறும் ரஹ்மானையும் கோல்ட்பிளேயையும் அச்சு அசலாக நகலெடுப்போம். பௌர்ணமி வந்தால் அதுவும் இல்லை. கிரிவலக் கூட்டத்துக்குள் ஆம்ப்ளிஃபயரை பைக்கில் வைத்துக் கொண்டுவந்து பாருங்கள், தெரியும். 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் பறையையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றியதை போனில் பார்த்த பிறகுதான், நமக்கும் ஏதாவது வேண்டுமே என்ற அரிப்பு வந்தது.

எங்கள் டிரம்மர் புரிசைப் பக்கத்து ஊர்க்காரன். அவன் மாமா தெருக்கூத்தில் மத்தளம் அடிப்பவர். மார்க்வெஸ் கதையைக்கூடக் கூத்தாகப் போட்ட ஊர் புரிசை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மதித்திருப்பேனா என்பது சந்தேகம்தான். ஒருநாள் அவன் வழக்கமான நாலை விட்டுவிட்டு, தகிட தகதிமி என்று ஏழில் போனான். முதல் மூன்றை ஸ்நேர் விளிம்பில் குச்சியால் தட்டுவான். அடுத்த நாலில் கடைசி அடியை விழுங்கிவிடுவான். அந்த விழுங்கலில்தான் உயிர். என் கிடார் இரண்டே சுற்றில் தடுமாறியது. "டேய், தாளம் தப்புது, ஒழுங்கா வாசி" என்று கத்தினேன். தப்பியது நான். நாலைத் தவிர வேறு எண்ணிக்கை எனக்கு வராது என்பதை ஒத்துக்கொள்ள மனசில்லை.

அவன் ஒன்றும் பேசாமல் நாலுக்குத் திரும்பினான். ஆறு மாதத்தில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

என் போனில் மட்டும் அந்த ஒத்திகைப் பதிவு இருந்தது, என் கத்தலோடு சேர்த்து. கத்தலை வெட்டிவிட்டுப் புது டிரம்மரிடம் போட்டுக் காட்டினேன். பாட்டு பிடித்துக்கொண்டது. கேட்டவர்கள் 'திருவண்ணாமலை சவுண்டு' என்றார்கள். கூத்து மத்தளம் என்று சொல்ல ஏனோ கூச்சம். திருப்புகழ் என்றால் எடுப்பாக இருந்தது.

தீபத்துக்குத் திருப்பூரிலிருந்து ஊருக்கு வந்தவன், சொல்லாமல் கொள்ளாமல் கோடவுனுக்குள் நுழைந்து சாக்குக் கட்டு மேல் உட்கார்ந்தான். அந்தப் பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தோம். பாதியில் நிறுத்தவும் முடியவில்லை. முடிந்ததும் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. நேரே புதுப் பையனிடம் போய்க் குச்சியை வாங்கினான்.

"தம்பி, அந்தக் கடைசி அடிய அடிக்காத. விட்டுடு. மாமா விடற எடம் அது."