உப்புக் காற்றின் ஊர்

1978-ல் அப்பாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அதுவரை கும்பகோணத்தில், கூப்பிடு தூரத்தில் காவிரி ஓட, ஈர மண்ணில் கால் புதைய வளர்ந்தவள். தூத்துக்குடியில் இறங்கிய முதல் நாளே வாயெல்லாம் கரித்தது. அடிகுழாயில் வந்தது உப்புத் தண்ணீர். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. தாமிரபரணித் தண்ணீர் வல்லநாட்டிலிருந்து குழாய் வழியே வந்தாலும் தினமும் வராது. வந்த அன்று தெருவே குடத்தோடு நிற்கும். அம்மா இரவில் சத்தமில்லாமல் அழுததை நான் பாயில் படுத்தபடியே கேட்டிருக்கிறேன்.

கடலாவது இருக்கிறதே என்று பார்த்தால், அதிலும் அலை இல்லை. பூம்புகாரில் ஆள் உயரத்துக்கு எழும்பிய அலையைக் கண்டவளுக்கு, குளம் மாதிரிக் கிடந்த இந்தக் கடலைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. எதிரே இலங்கையும் கரையோரத் தீவுகளும் பெரிய அலையைத் தடுத்துவிடுகின்றன, அதனால்தான் இங்கே துறைமுகம் வந்தது, தோணி வந்தது, முத்துக்குளிப்பும் வந்தது என்று அப்பா சொல்லித் தந்தார். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தக் கரையில்தான் என்றார். அப்பா பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அது ஒட்டவில்லை.

ஊரை என்னோடு ஒட்ட வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எதிர்வீட்டு அத்தை. அவர் கணவர் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய்விட்டு வருவார். தோணி கரை சேரும் நாளில் அத்தையின் முகமே வேறாக இருக்கும். "மைனி, நல்ல தண்ணி வந்திருக்கு, குடத்தக் குடுங்க" என்று அம்மாவை முதலில் உறவாக்கிக்கொண்டவர் அவர்தான். பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு எங்களை அழைத்துப் போனவரும் அவரே. 1713-ல் கட்டி முடித்த கோயில் அது. ஜூலை 26-ல் கொடி ஏறினால் ஆகஸ்ட் 5 வரை ஊரில் யாரும் சீக்கிரம் தூங்குவதில்லை. திருநீறு பூசிய அம்மா மாதாவின் முன்னால் கைகூப்பி நின்றாள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நின்றார்கள்.

இன்னொருவர் பின்தெரு ஆச்சி. உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர். கோடை விடுமுறையில் ஒருநாள் விடிவதற்கு முன்னே பேத்தியோடு என்னையும் கூட்டிப் போனார். "ஏட்டி, வரப்புல பாத்து நட, வழுக்கும்" என்றார். இருட்டு விலக விலக, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர். ஆண்கள் நீண்ட பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்க, பெண்கள் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து போய்க் குவித்தார்கள். நிலத்தடியிலிருந்து இறைத்த உப்புநீரைப் பாத்தி மாற்றி மாற்றி வெயிலில் விட்டு, அதன் அடர்த்தி போமே அளவில் 25 டிகிரிக்கு ஏறியதும் உப்பு விளையத் தொடங்கும் என்று அங்கிருந்த கணக்குப்பிள்ளை விளக்கினார். ஆச்சியின் பாதத்தைப் பார்த்தேன். வெடித்து வெளுத்திருந்தது. வெயில் ஏறியபின் அந்த வெண்மையைப் பார்க்கவே கண் கூசியது. அவர்களோ அதைப் பார்த்துக்கொண்டேதான் ஆயுளைக் கழிக்கிறார்கள். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைப் பிற்பாடு வாசித்தபோது, இந்த வேலையின் கடுமையை யாரும் எனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறு வருஷம் சித்திரையில் ஒரு பிற்பகல். வானம் திடீரென்று கறுத்தது. காவிரிக்கரையில் மேகம் திரண்டால் தெருவில் இறங்கிக் குதித்தவள் நான். அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. விளைந்து நிற்கும் உப்பு கரைந்துவிடுமே, ஆச்சிக்கு நாளைக்கு வேலை இருக்காதே என்று திண்ணையில் நின்று மழை வரக்கூடாது என வேண்டினேன். நாலு தூறலோடு மேகம் கலைந்தது. பின்தெருவிலிருந்து ஆச்சியின் சிரிப்பு கேட்டது. நான் தூத்துக்குடிக்காரியானது அன்றுதான்.

அதன்பிறகு எல்லாமே பிடித்தது. முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்து வாயில் கரையும் மக்ரூன், சாயங்காலம் பரோட்டாக் கடையிலிருந்து வரும் சால்னா வாசனை, காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோற்றோடு முயல் தீவுக்குப் போகும் கூட்டம். அலையில்லாத அந்தக் கடல்கூட அழகானது. அதன் அமைதியில் பயமில்லாமல் நிற்கலாம்.

ஆச்சி இப்போது இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் உப்பளத்தில் இன்றைக்கும் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. தர ஆரம்பித்தது நல்ல காரியம். ஒரு குடும்பம் மழைக்காலம் முழுக்கச் சாப்பிட அது போதாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தூத்துக்குடிக்கு வருகிறவர்கள் மக்ரூன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மாசிக்கும் ஆவணிக்கும் நடுவில் ஒரு நாள் தங்கி, விடியற்காலையில் உப்பளங்களின் பக்கம் போங்கள். வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.