மூன்று மூலைக் காணி

கண்டியில் சதுரக் காணி தேடுகிறவர் கடைசியில் களைத்துத்தான் போவார். மகாவலி வளைந்தோட, ஒருபுறம் ஹந்தானை, இன்னொருபுறம் உடவத்தகெலே காடு என்று மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய ஊர் இது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வாவியைக் கட்டியது வயல் கிடந்த பள்ளத்தில். இருந்த கொஞ்சச் சமதரையும் வாவியோடும் கடைத்தெருவோடும் தீர்ந்துவிட்டது, மற்றதெல்லாம் சரிவு. றோட்டு மலையைச் சுற்றி வளையும், காணியும் அதோடு வளையும். பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது ஒவ்வொரு பங்குக்கும் பாதை விடவேண்டும். அப்படி விட்டு விட்டு, பேரப்பிள்ளைகள் கைக்கு வரும்போது காணி என்ன வடிவமென்று சொல்லவே முடியாது.

அம்பிட்டியப் பக்கம் எங்களுக்குக் கிடைத்தது 12 பேர்ச்சஸ், அதாவது 3,267 சதுர அடி. சர்வேயர் பிளானில் மூன்றே மூலை. மேல் எல்லை றோட்டு. அங்கிருந்து கீழே இருபதடிக்கு மேல் இறக்கம். பார்க்க வந்த பெரியப்பா, "ஈசான மூலையே இல்லாத காணியில என்னெண்டு மகன் வீடு கட்டுறது?" என்று கவலைப்பட்டார். மேசன் பாஸ், "பெக்கோ ஒன்னப் போட்டு மட்டமா வெட்டிருவோம் சார்" என்றார்.

பெரியப்பாவின் கவலைக்கு வழி இருந்தது. காணி மூன்று மூலையானால் வீடும் அப்படியே இருக்க வேண்டுமென்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. உள்ளே ஒரு நீள்சதுரத்தை முதலில் வரைந்து, அதன் வடகிழக்கில் சாமியறையை வைத்தோம். கூர்மூலையில் அலுமாரி நிற்காது, கட்டில் கிடக்காது. அதனால் அந்த மூலைகளைச் சுவருக்கு வெளியே தோட்டமாக விட்டோம். சுவர்கள் கூராகச் சந்தித்தே ஆகவேண்டிய ஓரிடத்தில் படிக்கட்டைத் திருப்பினோம்.

பாஸின் யோசனைக்கு நான் இணங்கவில்லை. காரணம், கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வா. 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் துணை உறுப்பினரான இவர், பெற்றோரின் நண்பர்களான கருணாரத்ன குடும்பத்துக்குக் கண்டியில் கட்டிய வீடு 1951இல் முடிந்தது. செங்குத்தான சரிவு அது. அதை வெட்டிச் சமப்படுத்தாமல், வீட்டைத் தட்டுத் தட்டாக மலையோடு இறக்கினார். கொங்கிரீட்டைத் தயங்காமல் பயன்படுத்திய அதே வீட்டில் தும்பறைப் பாய் நெசவுக்கும் கைவினைஞரின் வேலைக்கும் இடம் கொடுத்தார். பிறகு வட்டப்புலுவ மலைச்சரிவில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் வரைந்தபோது, குடியிருக்கப் போகிறவர்களிடமே கேள்விகளை எழுதிக் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் வரைந்தார். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவைத் தெரிந்த எத்தனையோ பேருக்கு இவர் பெயர் தெரியாது. கண்டிக்காரர்களுக்கே தெரியாதிருப்பது எனக்கு உண்மையான மனவருத்தம்.

சரிவை வெட்டாததற்கு மண்ணும் ஒரு காரணம். சரிவின் அடிப்பாகம்தான் மேலே உள்ள மண்ணைத் தாங்கி நிற்கிறது. அதை நேராக வெட்டினால் தாங்கல் போய்விடும். மழைநீர் ஊற ஊற மண் கனக்கும். மண்துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏறி, அவற்றின் பிடி தளரும். அணைச்சுவர் எழுப்பினால் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். பின்னால் சல்லி நிரப்பாமல், நீர் வடிய ஓட்டை விடாமல் கட்டிய சுவர் தண்ணீரைத் தேக்கி வைத்து, அந்தத் தண்ணீராலேயே சரியும். நமக்குப் பக்கத்து மாவட்டமான கேகாலையில், அரநாயக்கவில் 2016 மே மாதம் மலை இறங்கி வந்து ஊர்களை மூடியதைப் பார்த்த பிறகும் பெக்கோவை விளையாட்டாகக் கூப்பிடுவது எனக்குப் புரியவில்லை.

ஆகவே எங்கள் வீடும் அரைமாடி அரைமாடியாக மூன்று தட்டில் இறங்குகிறது. குசினி றோட்டு மட்டத்தில். காஸ் சிலிண்டரையும் அரிசி மூட்டையையும் படியில் தூக்கவேண்டியதில்லை. படுக்கையறைகள் கீழே, ஹந்தானைக் காற்றுக்கு முகம் பார்த்து. கூரைத் தண்ணீர் மண்ணில் விழாமல் பீலி வழியாகக் கல் பதித்த வடிகானுக்குப் போகிறது. கீழ்மூலையிலிருந்த பலாமரத்தை அசைக்கவில்லை. அதன் வேர் அங்கே மண்ணைப் பிடித்திருக்கிறது. தூண்களுக்கும் கல்வேலைக்கும் செலவு கூடத்தான் ஆனது. பாஸ் முதலில் முகம் சுளித்தாலும், படிகளின் கணக்கை அங்குலம் பிசகாமல் எடுத்தவர் அவர்தான்.

கண்டியில் காணி வாங்க நினைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெயிலில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஒக்டோபர், நவம்பர் அடைமழையில் ஒருதரம் போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, பக்கத்து வீட்டுச் சுவரில் புதிய வெடிப்பு உண்டா என்று பாருங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாயம் பற்றிக் கேளுங்கள். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை ஒரு சதம்கூட முற்பணம் கொடுக்காதீர்கள்.