தொண்ணூற்றாறு சுற்று

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, பிள்ளையார் கோயில், மளிகைக் கடை, இஸ்திரி வண்டி எல்லாம் தாண்டி மறுபடி வாசலுக்கு வர 1.3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 96 தடவை சுற்ற வேண்டும். அதற்கு முன்னால் சைக்கிளில் 540 கிலோமீட்டர். அதற்கும் முன்னால் 50 மீட்டர் நீச்சல் குளத்தில் 228 தடவை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும். எல்லாம் 58 மணி நேரத்துக்குள். நடுவில் தூங்கினால் அதுவும் அந்தக் கணக்கில்தான்.

'யாருக்கு சார் இந்த வேலை?' என்கிறீர்களா? எனக்குத்தான்.

இதற்குப் பெயர் ட்ரிபிள் அல்ட்ரா ட்ரையத்லான். அயர்ன்மேன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 1978 பிப்ரவரியில் ஹவாயில், ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் ஆரம்பித்துவைத்தது. முதல் வருடம் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். மனுஷனுக்கு ஒன்று முடிந்தால் போதாதே! இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போய், 1992-ல் மெக்ஸிகோவின் மான்டெரேயில் பத்து மடங்கு வைத்தார்கள். 38 கி.மீ. நீச்சல், 1,800 கி.மீ. சைக்கிள், 422 கி.மீ. ஓட்டம். அதே 1992-ல் வடக்கு ஜெர்மனியில் லென்சான் என்கிற சின்ன ஊரில் ஆரம்பித்ததுதான் நான் போன மூன்று மடங்கு.

ஹாம்பர்க்கில் மென்பொருள் வேலை எனக்கு. லென்சான் அங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். சுற்றிலும் கோதுமை வயல்.

ஏன் ஒரே இடத்தைச் சுற்ற வேண்டும்? சின்ன ஊருக்காக 540 கிலோமீட்டர் சாலையை யார் அடைத்துத் தருவார்கள்? சுமார் எட்டு கிலோமீட்டர் சுற்று என்றால் சமாளிக்கலாம். சாப்பாடு, மருத்துவர், மாற்று டயர் எல்லாம் ஒரே இடத்தில். எவனாவது விழுந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். நடைமுறை இவ்வளவுதான். ஆனால், இந்தச் சுற்றுதான் ஆளைத் தின்கிறது. நீளமான சாலையில் பாதி வழியில் நின்றால் வீட்டுக்குப் போக வழி இல்லை, போயே ஆக வேண்டும். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் நம் கூடாரம் வரும். உள்ளே மெத்தை, போர்வை, தலையணை. 'போதும்ப்பா, வந்து படு' என்று அது கூப்பிடும். சைக்கிளில் மட்டும் அறுபது தடவைக்கு மேல் அந்த மெத்தையைத் தாண்டிப் போக வேண்டும்.

உதவிக்கு நம் ஆட்களை நாமே அழைத்துப் போக வேண்டும். என் கட்சியில் இரண்டு பேர். என் மனைவி, அவள் தம்பி.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குளத்தில் குதித்தோம். மச்சினன் கரையில் உட்கார்ந்து, பால்காரர் கணக்கு மாதிரி நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று தன் பங்குக்கு ஒரு நோட்டில் எண்ணிக்கொண்டிருந்தான். 11.4 கிலோமீட்டர் முடித்து நான் எழுந்தபோது மணி பதினொன்று ஐம்பது.

சைக்கிளில் முதல் ஆறு மணி நேரம் சுகம். பிறகுதான் வயிறு பேச ஆரம்பிக்கும். உடம்பில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் கடும் உழைப்புக்கு இரண்டு மணி நேரம் தாங்கினாலே அதிகம். மிச்சத்துக்கு ஓடிக்கொண்டே சாப்பிட வேண்டும். தாகமாயிருக்கிறதே என்று வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து என்று போகும். ஹைப்போநட்ரீமியா என்பார்கள். மற்றவர்கள் ஜெல்லும் சூப்பும் சாப்பிட்டார்கள். எனக்கு ஃப்ளாஸ்கில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நாரத்தங்காய் ஊறுகாயும். பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரர் ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டுவிட்டு, கண்ணில் நீர் வர கை குலுக்கினார்.

அங்கே ஜூலை மாதம் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும், விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் எட்டிப் பார்க்கும். சின்ன ராத்திரிதான். ஆனால், இரண்டு ராத்திரி.

இரண்டாவது ராத்திரியைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். சைக்கிளை முடித்து, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஓட ஆரம்பித்தவன், ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு 46-வது சுற்றில் இருந்தேன். 'ஓட்டம்' என்பது மரியாதைக்காகச் சொல்வது. நடைதான். வேலிக் கம்பம் ஒன்று அங்கவஸ்திரம் போட்ட பெரியவர் மாதிரி நின்றது. தூக்கமில்லாவிட்டால் மூளை இப்படித்தான் காட்டும் என்று படித்திருந்தாலும், தாண்டும்போது லேசாகக் குனிந்து வணக்கம் வைத்தேன்.

அப்போது அப்பா ஞாபகம் வந்தது. அவர் பஸ் கண்டக்டர். திண்டுக்கல் - பழநி ரூட். போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. ஒரு நாளைக்கு ஆறு நடை. முப்பத்தொரு வருஷம். அதே ஒட்டன்சத்திரம், அதே புளியமரம், அதே 'சில்லறை இருக்கா?'. காலில் நரம்பு சுருண்டிருக்கும். ராத்திரி அம்மா தேங்காயெண்ணெய் தடவுவாள். அவருக்கு யாரும் ஓரத்தில் நின்று கை தட்டியதில்லை. ரிட்டையரான மூன்றாம் வருஷம் போய்விட்டார். நான் லீவு போட்டு, காசு கட்டி, ஆசைப்பட்டுச் சுற்றுகிறேன். அவர் எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டச் சுற்றினார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால், நிற்கவும் முடியவில்லை.

கூடாரத்துக்கு வந்தேன். 'ஒரு மணி நேரம் படுத்துக்கறேன்' என்றேன். மனைவி கஞ்சியை நீட்டினாள்.

'படுங்க. ஆனா, நான் எழுப்ப மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.'

'சரியா அம்பது பாக்கி மாமா' என்றான் மச்சினன், நோட்டைப் பார்த்து.

கணக்குப் போட்டேன். பாக்கி பதினான்கு மணி நேரம், அறுபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். ஒரு மணி நேரம் தூங்கினால் அப்புறம் ஒரு சுற்றில்கூடச் சுணங்க முடியாது. குடித்துவிட்டு நடந்தேன்.

சுற்றில் ஒரு நல்லதும் உண்டு. முதல் ஆளும் கடைசி ஆளும் ஒரே சாலையில்தான் இருப்பார்கள். மேலே இருப்பவர் நம்மைப் பத்து தடவை தாண்டிப் போவார், ஒவ்வொரு தடவையும் முதுகில் தட்டிவிட்டுப் போவார். யார் முன்னால், யார் பின்னால் என்று பார்க்கிறவர்களுக்கே தெரியாது. சில போட்டிகளில் கடைசிச் சுற்றை மட்டும் எதிர்த் திசையில் ஓடவிடும் வழக்கம்கூட உண்டு. எதிரில் வரும் எல்லோரையும் முகம் பார்த்துக் கை தட்டிக்கொள்ளலாமே, அதற்காக.

ஞாயிறு மாலை நாலு இருபதுக்கு முடித்தேன். 57 மணி 20 நிமிஷம். ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். 'ஏன்டா, இவ்ளோ தூரம் சுத்தினியே, எவ்ளோ குடுத்தாங்க?' என்றாள். ஒரு மெடல் என்றேன். 'அடிவாரத்துல கிரிவலம் சுத்தியிருந்தா புண்ணியமாவது கெடைச்சிருக்கும்' என்று வைத்துவிட்டாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, உடம்புக்கு நல்லது போலிருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். நல்லதில்லை. இரண்டு வாரம் மாடிப்படி இறங்க முடியவில்லை. கால் கட்டைவிரல் நகங்கள் இரண்டும் போய்விட்டன. ஆரோக்கியத்துக்குத் தினம் அரை மணி வேகமான நடை தாராளம். இது வேறு கணக்கு. 'இதற்கு மேல் முடியாது' என்று உடம்பு சொல்லும்போது, அது நிஜமாகவே முடியாததா, இல்லை வெறும் அலுப்பா என்று பிரித்துப் பார்க்கப் பழகுகிற இடம். முடியாதது என்றால் நின்றுவிட வேண்டும். அப்படி நடுவில் நின்று, போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தவர்களையும் அங்கே பார்த்தேன். யாரும் அவர்களைத் தோற்றவர்களாக நடத்தவில்லை.

காரில் திரும்பும்போது மனைவியிடம், 'தொண்ணூத்தாறு சுத்து! நம்ப முடியுதா?' என்றேன்.

'நீங்க வர்றப்பல்லாம் நாற்காலியிலேர்ந்து எழுந்து நின்னேனே, அதுவும் தொண்ணூத்தாறுதான்' என்றாள். அப்புறம் தூங்கிப்போனாள்.

மெடல் இப்போது அவள் பீரோவில் இருக்கிறது.